தலைமை மீது நம்பிக்கை போன பிறகு: கட்டுப்பாடான மத அமைப்பை விட்டு விலகுவோருக்கு ஒரு வழிகாட்டி (தர்மபுரி, கிருஷ்ணகிரி)

சில சபைகளில், ஆசிரமங்களில், ஜமாஅத்துகளில் தலைவர் வைத்ததுதான் சட்டம். யாரைக் கட்டிக்கொள்வது, பிள்ளையை எங்கே படிக்கவைப்பது, சம்பளத்தில் எவ்வளவு கொடுப்பது, மாத்திரை சாப்பிடலாமா கூடாதா என்பதுகூட அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அப்படிப்பட்ட ஒரு தலைவர் மீது நம்பிக்கை போய்விட்டால் மனசு சீக்கிரம் வெளியே வந்துவிடும். ஆனால் வீட்டுப் பத்திரம், பிள்ளையின் டி.சி., கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை, ஓ.டி.பி. வரும் செல்போன் எண் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். விலக நினைத்தவர்கள் பாதியில் திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் இந்தக் காகிதங்கள்தான் காரணம். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஆவணம், பணம், நாள் கணக்கு பற்றியது.

கடவுள் நம்பிக்கையை விடுவது பற்றி இங்கே பேச்சில்லை. விலகிய பிறகும் அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள், அதே வேதத்தை வாசிக்கிறவர்கள், ஐந்து வேளை தொழுகிறவர்கள் நிறையப் பேர். கீழே ‘அமைப்பு’ என்று வரும் இடத்தில் உங்கள் சபையையோ மடத்தையோ ஜமாஅத்தையோ வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1. இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதீர்கள்

‘ஐயா, எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன’ என்று தலைவரிடமே போய் நிற்பதுதான் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் முதல் தப்பு. அன்று சாயங்காலமே மூப்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். கணவருக்கோ மனைவிக்கோ தனியாகச் செய்தி போகும். அமைப்பின் அலுவலகத்தில் இருக்கும் உங்கள் அசல் சான்றிதழ் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்படும். ஆகவே வழக்கம்போல் கூட்டத்துக்குப் போய் வந்துகொண்டே, கீழே உள்ள 2 முதல் 6 வரையிலான வேலைகளை முடியுங்கள். நிதானமாகச் செய்தால் 2 அல்லது 3 மாதம் பிடிக்கும்.

இந்த அமைதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு. அடி உதை, அடைத்து வைத்தல் என்று நடந்தால் எந்தக் காகிதத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். 112-ஐ அழையுங்கள், பெண்களுக்கு 181. அடுத்தது, குழந்தை மீதான பாலியல் குற்றம். போக்சோ சட்டம் 2012-ன் 19-ஆம் பிரிவுப்படி, அப்படி ஒன்று நடந்தது தெரிந்த யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் இருப்பது 21-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. ‘மூப்பர் குழு விசாரித்து முடித்துவிட்டது’ என்பது சட்டத்துக்குப் பதிலே ஆகாது. குழந்தைகள் உதவி எண் 1098. 18 வயது ஆகாத பெண்ணுக்கு அமைப்பு கல்யாணம் பேசினாலும் இதே எண்தான். மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அவரிடம் நேரிலும் சொல்லலாம். குழந்தைத் திருமணம் ஏற்கனவே நடந்துவிட்டிருந்தால், அந்தப் பெண் 18 வயது முடிந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதை ரத்து செய்துகொள்ளலாம்.

2. எது உடைந்தது என்று எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டு வாங்கி, நடந்தது என்ன, எந்தத் தேதி, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தனித்தனிப் பக்கத்தில் வையுங்கள். பின்னாளில் வக்கீலிடமோ காவல் நிலையத்திலோ பேசும்போது இந்தப் பிரிவினை மிகவும் உதவும். நோட்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

சந்தேகம் கணக்கு வழக்கில் என்றால் சரிபார்க்க வழி உண்டு. அமைப்பு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான சங்கமா, அறக்கட்டளையா என்று ரசீதில் இருக்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். சங்கம் என்றால் அதன் விதிமுறை, நிர்வாகிகள் பட்டியல், ஆண்டுக் கணக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலாகியிருக்க வேண்டும். கட்டணம் கட்டி நகல் கேட்கலாம். அறக்கட்டளை என்றால், நிலம் சம்பந்தப்பட்ட பத்திரங்களின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பெறலாம். ‘சபை இடம்’ என்று சொல்லிப் பணம் திரட்டி வாங்கிய நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது வில்லங்கச் சான்றிலேயே தெரிந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் காசில்லாமல் பார்க்கலாம்.

பதிவான சங்கமாக இருந்து, உங்களைப் போல நினைக்கிறவர்கள் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால், அதே சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின் கீழ் விசாரணை கேட்டுப் பதிவாளரிடம் மனுக் கொடுக்கலாம். அப்போது விலகாமலே போராடுவது நியாயமான வழி. தலைவரே நிறுவனர், தலைவரே பொருளாளர், அவர் மகன் செயலாளர் என்றிருக்கும் இடத்தில் உள்ளிருந்து திருத்த முயல்வது ஆண்டுகளைத் தின்னும். எங்கள் கணிப்பில் அது பயன் தருவதில்லை.

நோட்டில் எழுதியதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ முகநூலிலோ போடாதீர்கள். அவதூறு வழக்கு (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 356-ஆம் பிரிவு) போட அவர்களுக்கு அதுவே போதும்.

3. செல்போன், ஆதார்

இதுதான் அஸ்திவாரம். உங்கள் சிம் தலைவர் வீட்டாரின் பெயரிலோ அமைப்பின் பெயரிலோ இருந்தால், முதலில் உங்கள் பெயரில் புது சிம் வாங்குங்கள். அடுத்து ஆதாரில் அந்த எண்ணை ஏற்றுங்கள்.  ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல்ரேகை வைத்து இதைச் செய்யலாம். கட்டணம் 75 ரூபாய், ஆவணம் எதுவும் தேவையில்லை. அதன் பிறகு வங்கி, பி.எஃப்., சமையல் எரிவாயு என்று ஒவ்வொன்றாக எண்ணை மாற்றுங்கள். எல்லாம் முடிகிற வரை பழைய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். அவசரப்பட்டுப் பழைய சிம்மைத் தூக்கிப்போட்டவர்களுக்கு வங்கிக் கணக்கே பூட்டிக்கொள்கிறது.

உங்கள் ஊர் இ-சேவை மையத்தையோ ஆதார் மையத்தையோ அமைப்பைச் சேர்ந்தவர் நடத்தினால் அங்கே போகாதீர்கள். பென்னாகரத்துக்காரர் தர்மபுரிக்கும், தேன்கனிக்கோட்டைக்காரர் ஓசூருக்கும் போய்ச் செய்வதில் ஒரு தடையும் இல்லை.

போனில் பார்க்க வேண்டியவை: வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பு பின் வையுங்கள். கூகுள் கணக்கில் மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். கூகுள் வரைபடத்தில் இருப்பிடப் பகிர்வு ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். வேண்டாதவற்றை அங்கேயே துண்டிக்கச் சொல்லலாம். காணிக்கைக்கென்று யு.பி.ஐ. ஆட்டோபேயோ வங்கியில் மாதப் பிடித்தமோ கொடுத்திருந்தால் அதை நிறுத்துவது மட்டும் கடைசியில். திடீரென்று காணிக்கை நின்றால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

4. ஆவணங்கள்

அசல் கையில் இருக்க வேண்டியவை: ஆதார், வாக்காளர் அட்டை, பான், பிறப்புச் சான்று, 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டம், சாதிச் சான்று, வங்கிப் பாஸ்புக், நிலப் பத்திரம், பட்டா நகல், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை. ஒரேயடியாக எடுத்தால் கண்ணில் படும். ‘வங்கியில் கேட்டார்கள்’, ‘பள்ளியில் கேட்டார்கள்’ என்று ஒவ்வொன்றாக வாங்கி, நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். எல்லாவற்றையும் படமெடுத்துப் புது மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். டிஜிலாக்கரில் கிடைப்பதை அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு நடத்தும் மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை செய்கிறவர்களின் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. திருப்பிக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், தராவிட்டால் அந்த நகலோடு காவல் நிலையத்தில் மனுக் கொடுங்கள். ‘தொலைந்துவிட்டது’ என்று பொய்ப் புகார் எழுதி மாற்றுச் சான்று வாங்கும் யோசனையைப் பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அசல் அவர்கள் கையில் இருக்கும்போது அந்தப் பொய் உங்கள் கழுத்தைத்தான் இறுக்கும்.

பிள்ளை அமைப்பின் பள்ளியில் படித்தால், டி.சி.யைப் பிடித்து வைப்பது அவர்களின் பழைய ஆயுதம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 5-ஆம் பிரிவுப்படி 8-ஆம் வகுப்பு வரை டி.சி. கேட்டால் உடனே தரவேண்டும். அது வரத் தாமதமானால் புதுப் பள்ளி அந்தக் காரணத்தைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது. பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) மட்டும் குறித்து வைத்துக்கொண்டு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். முட்டுக்கட்டை வந்தால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு.

ரேஷன் அட்டையில் ஒரு சிக்கல் உண்டு. புது அட்டை வாங்க வேண்டுமானால் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும், அதற்கான ஓ.டி.பி. பழைய அட்டையில் பதிந்த எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் ஒத்துழைக்காத குடும்பத் தலைவரிடம் இருந்தால், வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரடியாக மனுக் கொடுங்கள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாம் இதற்கு நல்ல நாள். ரேஷன் அட்டை இருந்தால்தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் போக முடியும் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்).

திருமணம் அமைப்புக்குள் நடந்து, அவர்களின் நோட்டில் மட்டும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் 100 ரூபாய்; 150 நாள் வரை 150 ரூபாய். பழைய திருமணமாக இருந்து இருவரும் சேர்ந்தே விலகுவதானால் சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் 15-ஆம் பிரிவில் பதியலாம். 30 நாள் அறிவிப்புக் காலம், 3 சாட்சி. அமைப்பின் சான்று இல்லாமலே இது முடியும்.

5. உங்கள் பெயரில் ஓடும் அவர்களுடைய சுமை

யாரும் முன்கூட்டி எச்சரிக்காத விஷயம் இது. விலகி ஓராண்டு கழித்து வரும் நோட்டீஸெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

வண்டி: சபை வேன், ஆசிரமத்து ஜீப் உங்கள் பெயரில் இருந்தால் விபத்து இழப்பீடு பதிவான உரிமையாளர் தலையில்தான் விழும். ‘வண்டி அவர்களிடம் இருந்தது’ என்ற பதில் நிற்காது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் (தர்மபுரி டிஎன் 29, கிருஷ்ணகிரி டிஎன் 24, ஓசூர் டிஎன் 70) பெயர் மாற்றம் முடித்துவிடுங்கள். விற்பனைக் கடிதம் மட்டும் போதாது.

கடன்: உங்கள் நகையை அடகு வைத்தோ, மகளிர் குழுவில் எடுத்தோ, தனிநபர் கடனாகவோ பணம் வாங்கி அமைப்புக்குக் கொடுத்திருந்தால் வங்கிக்கு நீங்கள்தான் கடன்காரர். வேறொருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அப்படியே. கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை எடுத்துப் பார்த்தால் உங்கள் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்று தெரியும்.

வெற்றுக் காசோலை, வெற்றுப் புரோநோட்டு: ‘விசுவாசத்துக்கு அடையாளமாக’ வாங்கி வைத்திருப்பார்கள். காசோலை எண்ணைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் பணம் நிறுத்தும் கடிதம் கொடுங்கள். அதோடு ஆபத்து தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பணம் நிறுத்தப்பட்ட காசோலைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (காசோலை மோசடி வழக்குகளுக்கான சட்டம்) 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாள்தான் உங்களுக்கு. அதற்குள் எந்தச் சூழ்நிலையில் அது வாங்கப்பட்டது என்று விளக்கிப் பதில் நோட்டீஸ் போயாக வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது மிகக் கெட்ட யோசனை.

பதவி: நீங்கள் சங்கத்தின் பொருளாளரா, அறங்காவலரா, வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவரா? அந்தப் பொறுப்பிலிருந்து விலகியதைத் தனிக் கடிதமாகச் சங்கத்துக்கும் வங்கிக்கும் மாவட்டப் பதிவாளருக்கும் கொடுக்க வேண்டும். உறுப்பினராக விலகினால் பதவியும் தானாகப் போய்விடும் என்று நினைத்தவர்கள் பிறகு கணக்கு வழக்கில் சிக்குகிறார்கள். ஜெனரேட்டர், மின் இணைப்பு, மண்டபக் குத்தகை எதுவும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. சொத்து, கொடுத்த பணம்

உயில் எழுதிக் கொடுத்திருந்தால் கவலை வேண்டாம். கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும். பழையது பதிவு செய்யப்பட்டதாக இருந்தாலும் 2 சாட்சிகளோடு புது உயில் எழுதினால் போதும். பதிவு செய்வது நல்லது, கட்டாயமில்லை. எல்.ஐ.சி. பாலிசி, வங்கி, பி.எஃப். ஆகியவற்றில் வாரிசு நியமனம் யார் பெயரில் இருக்கிறது என்று இதே கையோடு பார்த்து மாற்றுங்கள்.

பொது அதிகாரப் பத்திரம் (பவர்) கொடுத்திருந்தால் நாளைக்கே போய் ரத்துப் பத்திரம் பதியுங்கள், நோட்டீஸும் அனுப்புங்கள். அதை வைத்து நிலத்தை விற்றுவிட்டால் திரும்பப் பெறுவது நெடும்பாடு.

தான செட்டில்மென்ட் வேறு கதை. பதிந்த அன்றே சொத்து கைமாறிவிட்டது. நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது. ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. ஒருவர் மனதை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவர், அதைப் பயன்படுத்தித் தனக்குச் சாதகமாகப் பத்திரம் வாங்கினால், அது இந்திய ஒப்பந்தச் சட்டம் 16-ஆம் பிரிவில் ‘தகாத செல்வாக்கு’. குருவுக்கும் சீடருக்கும் இடையிலான கொடையை நீதிமன்றங்கள் காலங்காலமாகவே சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கின்றன. உரிமையியல் நீதிமன்றத்தில் ரத்து கேட்டு வழக்குப் போட 3 ஆண்டு காலக்கெடு. உண்மை தெரியவந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். உங்கள் நோட்டில் தேதி எழுதச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

60 வயதுக்கு மேற்பட்டவர், ‘கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம்’ என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது கவனிப்பாரற்று இருந்தால், மூத்த குடிமக்கள் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நான்கு கோட்டங்கள். உங்கள் வட்டம் எதில் வருகிறதோ அங்கே. வக்கீல் தேவையில்லை, தமிழில் மனு போதும். பத்திரத்தில் நிபந்தனை எழுதியிருந்தால் வேலை எளிது.

மனமுவந்து கொடுத்த காணிக்கையும் தசமபாகமும் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துரத்துவதில் இன்னும் பணம் போகும். கைமாற்றாகக் கொடுத்தது, சீட்டுக் கட்டியது, வட்டி தருவதாகச் சொல்லி வாங்கிய வைப்பு ஆகியவை வேறு. கைமாற்றுக்கு 3 ஆண்டுக்குள் வழக்கு. நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். பலரிடம் வைப்பு வாங்கி ஏமாற்றியிருந்தால் அது 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்க வேண்டியது. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து போனால் மனு வேகமாக நகரும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று நிற்காதீர்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகங்களில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, அரூர், ஓசூர் போன்ற இடங்களில் வட்டக் குழு. தொலைபேசி 15100. அமைப்பைச் சேர்ந்த வக்கீலிடம் ‘சும்மா ஒரு யோசனை’கூடக் கேட்க வேண்டாம்.

7. தங்குமிடம், செலவு, நாள்

அமைப்பின் குடியிருப்பிலோ உறுப்பினர் வீட்டு வாடகையிலோ இருப்பவர்கள் வீட்டை முன்பே பிடிக்க வேண்டும். முன்பணம், 3 மாத வாடகை, 3 மாதச் சாப்பாடு, ஒரு மருத்துவச் செலவு, போக்குவரத்து ஆகியவற்றைக் கூட்டி வரும் தொகை கையில் வரும்வரை நாள் குறிக்காதீர்கள். வேலை கிடைக்கும் வாய்ப்பை வைத்துப் பார்த்தால் ஓசூர் சிப்காட் பக்கம் எளிது, ஆனால் வாடகை கூட. தர்மபுரி மலிவு, ஆனால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுத்தில் வாங்குங்கள். முகவரி மாற்றத்துக்கும் அது உதவும்.

கிளம்பும் நாளாகப் பெரிய கூட்டம், திருவிழா, மாநாடு நடக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்; எல்லாரும் அங்கே இருப்பார்கள். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது. தர்மபுரியிலும் ஓசூரிலும் உண்டு. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில் மட்டும்தான், சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகும் புறநகர்ப் பேருந்தில் செல்லாது. சில்லறை கையில் இருக்கட்டும்.

தலைமையகம் பெங்களூரில் இருக்கும் அமைப்புகள் இந்தப் பக்கம் பல. ஆளையோ குழந்தையையோ எல்லை தாண்டிக் கொண்டுபோய்விட்டால் ‘அது கர்நாடகா’ என்று சொல்லிப் புகாரைத் திருப்ப முடியாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173-ஆம் பிரிவு.

8. வீட்டிலுள்ளவர்கள்

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் நம்பிக்கை இழப்பது அபூர்வம். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்றால் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். தலைவரைத் திட்டும் ஒவ்வொரு வார்த்தையும் அவரை இன்னும் உள்ளே தள்ளும். ‘நான் கூட்டத்துக்கு வரவில்லை, உன்னைத் தடுக்கவும் இல்லை’ என்ற அளவில் நிறுத்துங்கள்.

வீட்டை விட்டு வெளியேற்றினால், பெண்களுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும், நகை, சீர்வரிசையைத் திரும்பக் கேட்கும் உரிமையும் உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் அவசரத் தங்கலும் கிடைக்கும். பிள்ளைகளை ‘பிறகு வந்து கூட்டிக்கொள்ளலாம்’ என்று விட்டுப் போகாதீர்கள். மாதங்கள் கழிந்தபின் நீதிமன்றம், பிள்ளை எங்கே பழகியிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கும்.

மகனோ மகளோ ஆசிரமத்தில் இருந்துகொண்டு வரமாட்டேன் என்கிறார், வயது 18 தாண்டிவிட்டது என்றால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டாலும் நீதிபதி அவர் விருப்பத்தைத்தான் கேட்பார். அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் அந்த வழி. ஆள் வைத்துத் தூக்கி வருவது குற்றம், உறவும் முறியும். மாதம் ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு சேலை, ‘உன் அறை அப்படியே இருக்கிறது’ என்ற ஒரு சொல் என்று கதவைத் திறந்து வைத்திருப்பதே நடைமுறையில் பலன் தருகிறது.

9. விலகல் கடிதம்

எல்லாம் முடிந்த பிறகுதான் இது. நான்கு வரி போதும்: இன்ன தேதியிலிருந்து உறுப்பினர் அல்ல, எந்தப் பொறுப்பும் வகிக்கவில்லை, என் பெயர், படம், சாட்சியைப் பயன்படுத்த அனுமதியில்லை, என் ஆவணங்கள் இன்னின்னவற்றைத் திருப்பித் தரவும். காரணம் எழுதாதீர்கள். காரணம் எழுதினால் பதில் வரும், பதிலுக்குப் பதில் எழுதத் தோன்றும். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது; தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவும் ஒப்புகையும் சேர்த்துக் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ‘நேரில் வந்து விளக்கு’ என்று அழைப்பு வந்தால் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

10. மிரட்டல், ஊர் விலக்கு

வீடு தேடி வருகிறவர்களிடம் வாசலிலேயே பேசி அனுப்புங்கள். மிரட்டல் அழைப்பைப் பதிவு செய்யுங்கள்; அந்தப் போனை மாற்றாதீர்கள், பதிவை வெட்டாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றோடு அசல் பதிவு வேண்டும். பாவ அறிக்கையில் சொன்னதை வெளியே விடுவேன் என்று பணம் கேட்டால் அது பணம் பறித்தல் (பாரதிய நியாய சன்ஹிதா 308). ‘வெளியே போனால் உன் பிள்ளை சாவான், கடவுள் தண்டிப்பார்’ என்று பயமுறுத்தி ஒன்றைச் செய்யவைப்பதற்கே தனிப் பிரிவு இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதா 354. காவல் நிலையத்தில் பலருக்கு இந்தப் பிரிவு நினைவுக்கு வராது. மனுவில் நீங்களே எண்ணைக் குறிப்பிடுங்கள்.

மனுக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ஒப்புகை) வாங்காமல் திரும்பாதீர்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். கடையில் பொருள் தராதே, பேசாதே, தண்டம் கட்டு என்று ஊர் விலக்கு வைத்தால், தமிழ்நாட்டில் அதற்கென்று மகாராஷ்டிரத்தில் 2016-இல் வந்தது போன்ற தனிச் சட்டம் இல்லை. மிரட்டல், வழி மறித்தல் பிரிவுகளைத்தான் பயன்படுத்த வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து எண் வாங்கிவிட்டால் வட்டாட்சியர் அழைத்து விசாரிப்பார். தண்டப் பணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள்; ஒருமுறை கட்டினால் அவர்களின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

11. பயம், மருந்து

விலகிய முதல் ஆண்டில் காய்ச்சல் வந்தாலும், வண்டி பஞ்சரானாலும் ‘சாபம் பலிக்கிறதோ’ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பல ஆண்டு கேட்டுப் பழகிய பேச்சின் மிச்சம் அது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரம் தாண்டினால் 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், எந்நேரமும், இலவசம். நேரில் பார்க்க இரண்டு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. ஓசூர்க்காரர்களுக்கு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பெங்களூரு ஓசூர் சாலையிலேயே இருக்கிறது.

அமைப்பின் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவர்கள், பழைய சீட்டை வைத்துத் தாங்களாக மறுபடி தொடங்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்குங்கள். பிறகு மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துகொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும். விடுபட்ட தடுப்பூசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுங்கள்.

12. அடக்கம், சாதிச் சான்று

‘செத்தால் எங்கே புதைப்பாய்?’ வயதானவர்களை உள்ளேயே கட்டிப்போடும் கேள்வி இது. அமைப்பின் கல்லறையில் இடம் மறுக்கலாம். ஊராட்சி, நகராட்சியின் பொது இடுகாடு, சுடுகாடு எல்லாருக்கும் உரியது. உங்கள் விருப்பத்தை 2 சாட்சிகளோடு எழுதிக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுங்கள். ஊராட்சிச் செயலரிடம் இடம் பற்றி இப்போதே பேசி வையுங்கள், இழவு வீட்டில் நின்று பேசும் நிலை வரக் கூடாது.

சாதிச் சான்று, மதம் மாறி அமைப்பில் சேர்ந்த பட்டியல் சாதியினர் கவனிக்க வேண்டியது. இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் இருப்பவர்களுக்குத்தான் பட்டியல் சாதித் தகுதி. தமிழ்நாட்டில் கிறித்தவராக மாறியவர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வருகிறார்கள். கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினால் மட்டும் பழைய தகுதி திரும்பாது. முன்னோர் அந்தச் சாதியினர் என்பதற்கு ஆதாரம், உண்மையாகவே தாய் மதம் திரும்பியது, சமூகத்தார் ஏற்றுக்கொண்டது என்ற மூன்றையும் காட்ட வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சலுகைக்காக மட்டும் மதத்தைக் காட்டினால் செல்லாது என்று 2024-இல் மறுபடி சொல்லியிருக்கிறது. எனவே தாத்தா, அப்பாவின் பழைய சான்று, பள்ளிப் பதிவேட்டு நகல் ஆகியவற்றோடு, எந்த மதத்தில் வாழ்கிறீர்களோ அதையே எழுதி இ-சேவையில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் வருவார்கள். கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவைப்பட்டால் மே மாதக் கூட்டத்தில் சிக்காமல் ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள்.